ஆர்.சி. வண்டிக்குப் பின்னால் ஒரு செட்டிநாட்டு வீடு: 1/10 கேம்பர் டிரெய்லர் செய்யும் முழுமையான வழிகாட்டி

ஆர்.சி. கிராலர், அதாவது ரிமோட்டில் ஓடிக் கல்லும் மேடும் ஏறும் மாடல் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் செட்டிநாடு நல்ல ஊர். செம்மண் தடம், சரளை மேடு, செம்பாறாங்கல் படிகள், கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய்த் தரை என்று எல்லாமே நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. இந்தப் பாதைகளில் வண்டி இழுத்துச் செல்ல ஒரு கேம்பர் டிரெய்லரை, அதாவது வண்டிக்குப் பின்னால் இழுபடும் தங்கும் வீட்டை, நிஜத்தில் பத்தில் ஒரு பங்கான 1/10 அளவில் முதலிலிருந்து செய்வது எப்படி என்று இங்கே பார்க்கிறோம். கூரைக்குக் கூண்டு வண்டியின் வளைவு, தரைக்கு ஆத்தங்குடிக் கல், உள்ளே ஒரு திண்ணை, பின்பக்கக் கதவைத் தூக்கினால் சமையலறை.

வேலை தொடங்குமுன் ஒன்றை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெய்லர் பாதையில் கவிழாமல் வருமா என்பதை எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, அச்சு எங்கே நிற்கிறது என்ற இரண்டும்தான் தீர்மானிக்கின்றன. அழகு வேலையை முடித்துவிட்டு அச்சைக் கடைசியில் எங்காவது பூட்டினால், பத்து நாள் உழைப்பு முதல் மேட்டிலேயே குப்புற விழும். அதனால் இந்த வழிகாட்டியில் வீட்டைவிட அடிப்பகுதிக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

அளவுகள்

இழுக்கும் வண்டி 1/10 கிராலர் என்றும், இரு அச்சுகளுக்கு இடையே சுமார் 313 மி.மீ., எடை 3 கிலோவை ஒட்டி என்றும் வைத்துக்கொள்கிறோம். ஆக்ஸியல் எஸ்.சி.எக்ஸ்.10, டிராக்ஸாஸ் டி.ஆர்.எக்ஸ்-4 போன்றவை இந்த வகையில் வரும்.

வீட்டின் வெளி அளவு: நீளம் 300, அகலம் 150, உயரம் 150 மி.மீ. நிஜத்தில் 3 மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் கொண்ட, உட்கார்ந்தும் படுத்தும் பழகக்கூடிய சின்ன கேம்பர் இது. அகலத்தை ஏன் 170 ஆக்கக் கூடாது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். வீடு 150, இருபுறமும் 5 மி.மீ. இடைவெளி, 42 மி.மீ. அகல டயர் இரண்டு, மொத்தம் 244. டி.ஆர்.எக்ஸ்-4 போன்ற வண்டியின் அகலமும் ஏறத்தாழ இவ்வளவுதான். வண்டி நுழைந்த சந்தில் டிரெய்லரும் நுழைய வேண்டும் என்றால் இதற்கு மேல் போகக் கூடாது. உங்கள் வண்டி இன்னும் ஒடுக்கமானது என்றால் வீட்டு அகலத்தை அதற்கேற்பக் குறையுங்கள்.

முழு டிரெய்லரும் 1 கிலோவை ஒட்டியே அடங்க வேண்டும். அந்த எடை, மொத்தம் 1020 கிராம், இப்படிப் பிரியும்: சக்கரம் இரண்டும் அச்சும் 320 கிராம், சேசிஸ் (அடிச்சட்டம்), இழுகம்பு (வண்டியோடு இணைக்க முன்னே நீளும் கம்பு), பட்டை ஸ்பிரிங் எல்லாம் 170, வீட்டின் கூடு 270, உள்சாமான் 120, கூரைமேல் சாமான் 60, விளக்கும் வயரும் 30, பெயின்ட், மட்கார்டு போன்றவை 50. இந்தப் பட்டியல்படி செய்தால் எடையின் மையம் தரையிலிருந்து சுமார் 105 மி.மீ. உயரத்தில் வரும். சக்கர நடுவிலிருந்து சக்கர நடுவுக்கு 202 மி.மீ. இருப்பதால், பக்கவாட்டில் ஏறத்தாழ 44 டிகிரி சாயும்வரை டிரெய்லர் நிற்கும். கூரைமேல் 60 கிராமுக்குப் பதில் 200 கிராம் ஏற்றினால் அது 40 டிகிரிக்கு இறங்கிவிடும். கூரையில் ஏற்றும் ஒவ்வொரு கிராமும் தரையில் வைக்கும் கிராமைவிட மூன்று மடங்கு உயரத்தில் உட்காருகிறது. பித்தளையில் லக்கேஜ் கேரியர் செய்ய ஆசைப்படுகிறவர்கள் இந்த எண்ணை மறக்க வேண்டாம்.

சாமான்கள்

கேம்பருக்கு வேண்டிய பெரும்பகுதியைக் காரைக்குடியிலேயே திரட்டிவிடலாம். விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் நுரைபோன்ற பிளாஸ்டிக் பலகையான சன்போர்டு துண்டுகள் மிஞ்சும். தரைக்கு 3 மி.மீ., சுவருக்கும் கூரைக்கும் 2 மி.மீ. வேண்டும். 2 மி.மீ. கிடைக்காமல் எல்லாவற்றுக்கும் 3 மி.மீ. போட்டால் சுமார் 100 கிராம் கூடும், அதுவும் உயரத்தில் கூடும். அலுமினியக் கதவு, ஜன்னல் செய்யும் பட்டறையில் 10 மி.மீ. சதுரக் குழாய், 1 மி.மீ. கனத்தில், ஒன்றரை மீட்டர் வாங்குங்கள். அங்கேயே 1.5 மி.மீ. தகட்டுத் துண்டும், 12 மி.மீ. வெளிவிட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள உருண்டைக் குழாய் 20 செ.மீ.யும் கேளுங்கள். பார்சல் கட்ட வரும் இரும்புப் பட்டி, 13 மி.மீ. அகலம், அரை மி.மீ. கனம், அரை மீட்டர் போதும்.

ஆர்.சி. கடையிலிருந்து வரவழைக்க வேண்டியவை: 1.9 அங்குலச் சக்கரமும் சுமார் 110 மி.மீ. உயர டயரும் ஒரு ஜோடி, 5 மி.மீ. ஸ்டப் ஆக்ஸில், அதாவது சக்கரத்துக்கு ஒன்றாக வரும் குட்டை அச்சு இரண்டு (முனையில் எம்4, அதாவது 4 மி.மீ. மரை இருக்க வேண்டும்), சக்கரம் பூட்டும் அறுகோணத் துண்டான 12 மி.மீ. ஹெக்ஸ் இரண்டு, 5×10×4 மி.மீ. பேரிங் நான்கு, அச்சு நகராமல் பிடிக்கும் வளையமான 5 மி.மீ. காலர் இரண்டு. பேரிங்கில் இரும்பு மூடி போட்டது வேண்டாம், ரப்பர் மூடி போட்டதையே வாங்குங்கள். செம்மண் தூசி மாவு மாதிரி நைசாக இருக்கும். இரும்பு மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போய், மூன்றாவது ஓட்டத்திலேயே பேரிங் கரகரக்கத் தொடங்கும்.

சேசிஸ்

சதுரக் குழாயில் 300 மி.மீ. நீளத்தில் இரண்டு, 90 மி.மீ. நீளத்தில் மூன்று, 177 மி.மீ. நீளத்தில் இரண்டு வெட்டிக்கொள்ளுங்கள். நீளமானவை இரண்டும் 100 மி.மீ. நடு இடைவெளியில் இணையாகக் கிடக்க, 90 மி.மீ. துண்டுகள் குறுக்கே போகும்: முன்முனையிலிருந்து 60 மி.மீ.யில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்முனையில் ஒன்று. 177 மி.மீ. துண்டுகள்தான் இழுகம்பு. முன் குறுக்குச் சட்டத்துக்கு அடியிலிருந்து புறப்பட்டு, வீட்டின் முன்சுவரிலிருந்து 110 மி.மீ. தள்ளி ஒன்றாகச் சேர வேண்டும்.

மூட்டுகளை மேலும் கீழும் தகட்டு முக்கோணம் வைத்து எம்3 ஸ்க்ரூவாலோ 3.2 மி.மீ. ரிவெட்டாலோ பிணையுங்கள். வெறும் குழாயில் துளைபோட்டு போல்ட்டை முறுக்கினால் குழாய் நசுங்கும், ஒரு வாரத்தில் போல்ட் தளரும். போல்ட் வரும் இடத்திலெல்லாம் குழாய்க்குள் 8 மி.மீ. சதுர மரத்துண்டு செருகிவிட்டுத் துளையிடுங்கள். மூங்கில் குச்சியைச் சீவியும் செருகலாம். நட்டுகள் எல்லாம் நைலாக், அதாவது அதிர்வில் தளராத நைலான் வளையம் உள்ளவை.

இழுகம்பு 110 மி.மீ. நீண்டால் வண்டி சுமார் 65 டிகிரி வரை மடங்கித் திரும்பலாம், வீட்டு மூலை பம்பரில் இடிக்காது. பின்கதவில் ஸ்பேர் டயர் தொங்கும் வண்டி என்றால் 130 ஆக்குங்கள். அதற்கு மேல் நீட்டினால் டிரெய்லர் வளைவில் உள்பக்கம் வெட்டிக்கொண்டு வந்து கல்லில் ஏறும்.

அச்சு

இரண்டு சக்கரமும் தனித்தனியாகச் சுழல வேண்டும். ஒரே கம்பியில் இரண்டையும் பூட்டினால் வளைவில் ஒரு சக்கரம் தேய்ந்துகொண்டு வரும், டிரெய்லர் நேரே போகப் பார்க்கும்.

உருண்டைக் குழாயின் உள்விட்டம் 10 மி.மீ., பேரிங்கின் வெளிவிட்டமும் 10 மி.மீ. என்பதால் பேரிங் குழாய்க்குள் சரியாக அமரும். ஒவ்வொரு முனையிலும் ஒரு பேரிங் வாயோடு வாயாக, இன்னொன்று 20 மி.மீ. உள்ளே. இறுக்கமாக இருந்தால் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிக் குழாயின் உள்ளே தேயுங்கள், பேரிங்கைச் சுத்தியலால் தட்டாதீர்கள். ஸ்டப் ஆக்ஸில் வெளியே உருவிக்கொண்டு வராமலிருக்க அதன் உள்முனையில் காலர் போட வேண்டும். காலர் குழாய்க்குள் இருக்கும், அதன் கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சின்ன ஸ்க்ரூ) முடுக்க அலன் கீ போக வழி இருக்காது. காலர் நிற்கப்போகும் இடத்தில் குழாயின் அடிப்பக்கம் 3 மி.மீ. துளை ஒன்றை முன்கூட்டியே போட்டுவைத்தால் இந்தச் சிக்கல் தீரும். முடுக்கியபின் துளையை டேப்பால் மூடுங்கள், தூசி புகாது.

குழாயின் நீளம் சக்கரத்துக்குச் சக்கரம் மாறும். அடிப்படை நீளம் 160 மி.மீ. சக்கரத்தை ஸ்டப்பில் பூட்டி, வெளிப்பேரிங்கின் முகம் டயரின் உள்விளிம்பைத் தாண்டி எத்தனை மி.மீ. சக்கரத்துக்குள் நுழைந்து நிற்கிறது என்று பாருங்கள். அதன் இருமடங்கை 160-உடன் கூட்டினால் உங்கள் குழாயின் நீளம். நுழையாமல் வெளியே நின்றால் கழியுங்கள்.

பட்டை ஸ்பிரிங்

நிஜ லாரிபோல மூன்று நான்கு இரும்புப் பட்டைகளை அடுக்குவதுதான் பலரும் செய்யும் தவறு. சக்கரமும் அச்சும் நீங்கலாக, ஒரு பக்க ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் எடை 400 கிராமைத் தாண்டாது. 13 மி.மீ. அகலம், அரை மி.மீ. கனம், 100 மி.மீ. நீளமுள்ள ஒரே ஒரு பட்டை அந்த எடைக்கு சுமார் 3 மி.மீ. அமரும், அதுவே சரியான அளவு. இரண்டாவதாக முழுநீளப் பட்டை சேர்த்தால் ஒன்றரை மி.மீ.தான் அமரும். மூன்று போட்டால் ஸ்பிரிங் இல்லாதது மாதிரிதான், சரளையில் டிரெய்லர் துள்ளிக்கொண்டே வரும். ஒரு பட்டை மட்டும் இரும்பில் செய்துவிட்டு, கீழே அடுக்காகத் தெரிய வேண்டியவற்றை அரை மி.மீ. பிளாஸ்டிக் தாளில் வெட்டி, நடுவில் மட்டும் ஒட்டுங்கள். கறுப்பு அடித்துவிட்டால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

பட்டையை வெட்டும்போது கையுறை போடுங்கள், அதன் ஓரம் பிளேடுபோல் இருக்கும். இரு முனைகளையும் 3 மி.மீ. ஆணியில் சுற்றிக் கண் எடுத்து, நடுவில் 6 மி.மீ. தொய்வு வருமாறு கையால் வளைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணைத் தாங்கியில் நேரடியாகப் பூட்டலாம். பின் கண் மட்டும் ஷேக்கிள் என்ற ஆடும் இணைப்புத் துண்டில் தொங்க வேண்டும். பட்டை அமுங்கும்போது நீளும், நீள இடம் இல்லையென்றால் அமுங்கவே அமுங்காது. தாங்கியும் ஷேக்கிளும் சேசிஸுக்குக் கீழே 15 மி.மீ. இறங்கட்டும்.

பட்டை அச்சுக்கு மேலே போகட்டுமா, கீழே போகட்டுமா? கீழே. அச்சுக் குழாயைப் பட்டையின் மேல் உட்காரவைத்தால் முழு வீடும் குழாயின் கனம் அளவுக்கு, அதாவது 12 மி.மீ. தாழ்கிறது. தரை சுமார் 80 மி.மீ. உயரத்தில் வரும், அச்சு மேலேறி சேசிஸில் முட்ட 9 மி.மீ. இடமும் இருக்கும். மேலும் கீழும் தகடு வைத்து நான்கு எம்2.5 போல்ட்டால் அச்சையும் பட்டையையும் கவ்வுங்கள்.

தாங்கிகளைச் சேசிஸில் இப்போதே பூட்ட வேண்டாம். அவற்றின் இடத்தை வீடு எழுந்தபிறகு எடை பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

வீட்டின் கூடு

தரை 296×146 மி.மீ., 3 மி.மீ. சன்போர்டு. பக்கச் சுவர்கள் 300×130. முன்சுவர், நடுத் தடுப்பு, பின்கதவு மூன்றும் 146 மி.மீ. அகலம், மேல்விளிம்பு வளைவு. வளைவின் ஆரம் 150 மி.மீ. அப்படிப் போட்டால் ஓரத்தில் 130 இருக்கும் உயரம் நடுவில் 150 ஆகும். காம்பஸ் இல்லையென்றால் ஒரு பட்டைக் குச்சியில் 150 மி.மீ. இடைவெளியில் ஆணியும் பென்சிலும் வைத்து வரையுங்கள். மூன்று துண்டுகளையும் ஒன்றாக டேப் சுற்றி ஒரே நேரத்தில் தேய்த்தால் வளைவு ஒத்துவரும். தனித்தனியாகத் தேய்த்தால் கூரை எங்காவது ஒரு பக்கம் தூக்கும்.

நடுத் தடுப்பு முன்சுவரின் உள்முகத்திலிருந்து 200 மி.மீ.யில். பின்னால் மிஞ்சும் 94 மி.மீ. சமையலறைக்கு. ஜன்னல்களையும் வாசலையும் சுவர் தட்டையாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். கத்தியை ஒரே அழுத்தில் இறக்காமல் நான்கைந்து தடவை இழுங்கள். ஒரே அழுத்தில் வெட்டினால் அடிப்பக்கம் பொரிந்துவரும்.

கூரைக்கு 163×306 மி.மீ. துண்டு. வளைவின் நீளம் 157, இருபுறமும் 3 மி.மீ. தாழ்வாரம். உள்பக்கம் 5 மி.மீ.க்கு ஒரு கோடாக, பாதி கனம்வரை நீளவாக்கில் கீறிவிட்டால் சன்போர்டு உடையாமல் வளையும். மூலைமட்டம் வைத்துச் சுவர்களை ஃபெவிகுவிக்கால் ஒட்டி, உள்மூலைகளில் 5 மி.மீ. சதுரச் சட்டம் கொடுங்கள். கூரையை இப்போது ஒட்டாதீர்கள். உள்வேலை முடியும்வரை அது கழற்றும்படியே இருக்கட்டும், முடிந்தபிறகும் நான்கு சின்னக் காந்தங்களில் நிற்கும்படி வைத்தால் நல்லது.

ஜன்னல் கண்ணாடியை இந்தக் கட்டத்தில் போடவே கூடாது. ஃபெவிகுவிக்கின் ஆவி அருகிலுள்ள கண்ணாடித் தாளில் வெள்ளையாகப் படியும், தேய்த்தாலும் போகாது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் காற்றில் ஈரம் கூடும்போது அது இன்னும் அதிகம். பெயின்டெல்லாம் முடிந்தபின் கண்ணாடியை ஃபெவிகாலின் மெல்லிய கோட்டால் ஒட்டுங்கள்.

அச்சின் இடத்தைக் கண்டுபிடிப்பது

டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு ஹிட்ச்சின், அதாவது வண்டியும் டிரெய்லரும் இணையும் மூட்டின் மேல் அழுத்த வேண்டும். நிஜ டிரெய்லர்களுக்கும் இதே கணக்குதான். அழுத்தம் குறைந்தால் சமதரையில் கொஞ்சம் வேகம் எடுத்ததும் டிரெய்லர் வாலை ஆட்டும், இறக்கத்தில் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கும். கூடினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் பிடிப்பிழக்கும்.

கூட்டைச் சேசிஸில் வைத்து, உள்ளே வரப்போகும் எல்லாவற்றையும் அதே எடையில் அதே இடத்தில் வையுங்கள். திண்ணைக்கு மரத்துண்டு, சமையலறைக்கு நாணயங்கள், பேட்டரிக்கு அதே செல். சக்கரமும் அச்சும் மட்டும் சேரக் கூடாது. இனி இதை ஓர் உருண்டைப் பென்சிலின் மேல் குறுக்காக வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் வரும் இடத்தைக் குறியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 50 மி.மீ. பின்னால்தான் அச்சு நிற்க வேண்டும். 700 கிராம் கூடு, ஹிட்ச்சிலிருந்து அச்சுவரை 290 மி.மீ. என்ற அளவுக்கு இது ஹிட்ச்சின் மேல் சுமார் 120 கிராம் தரும், நமக்கு வேண்டியதும் அதுவே. பெரும்பாலும் அச்சு முன்சுவரிலிருந்து 180, 190 மி.மீ.யில் வந்து விழும். தாங்கிகளுக்கு அந்த இடத்திலும், 10 மி.மீ. முன்னும், 10 மி.மீ. பின்னும் என மூன்று ஜோடித் துளை போட்டுவையுங்கள், பின்னால் மாற்ற வசதி.

பூட்டியபின் சரிபார்க்க இரண்டு சோதனை. டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, ஹிட்ச்சின் கீழே சமையலறைத் தராசு வைத்துப் பாருங்கள், 100 முதல் 150 கிராமுக்குள் காட்ட வேண்டும். பிறகு ஹிட்ச் ஊசியிலிருந்து ஒவ்வொரு சக்கரத்தின் நடுவுக்கும் நூல் பிடித்து அளங்கள். இரண்டுக்கும் 1 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் டிரெய்லர் வண்டிக்குப் பின்னால் கோணலாகவே இழுபடும்.

ஹிட்ச்

வெறும் பந்து ஹிட்ச் பார்க்க நிஜம்போல இருக்கும், ஆனால் கல்பாதைக்கு அது சரிவராது. வண்டி இடப்பக்கம் சாயும்போது டிரெய்லர் வலப்பக்கம் சாய வேண்டியிருக்கும், பந்து அவ்வளவு திரும்பாது. டிரெய்லர் கவிழ்ந்தால் வண்டியையும் சேர்த்துக் கவிழ்க்கும். ஆகவே மூன்று திசையிலும் திரும்பும் மூட்டு வேண்டும். இழுகம்பின் நுனியில் ஒரு கட்டை வைத்து, அதன் வழியே எம்4 போல்ட்டை நீளவாக்கில் செலுத்தி, நைலாக் நட்டை முழுதும் முடுக்காமல் விடுங்கள். போல்ட் தன்னைத்தானே சுழலும். அதன் முன்முனையில் ஒரு ராட் எண்ட் (உள்ளே திரும்பும் பந்து உள்ள கண்), அதை வண்டியின் ஹிட்ச்சில் செங்குத்தான ஊசியில் மாட்டுங்கள். சுழற்சிக்குப் போல்ட், மேல்கீழுக்கும் பக்கத்துக்கும் ராட் எண்ட். வீடு முழுதாகக் குப்புற விழுந்தாலும் வண்டி நின்ற இடத்தில் நிற்கும்.

ஹிட்ச்சை வண்டியில் எவ்வளவு தாழ்வாக வைக்க முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். 30 டிகிரி மேட்டில் 1 கிலோ டிரெய்லர், 80 மி.மீ. உயர ஹிட்ச் வழியாக இழுக்கும்போது, முன்சக்கரங்களிலிருந்து ஏறத்தாழ 170 கிராம் அழுத்தம் குறைந்துபோகிறது. முன்சக்கரங்களுக்குள் பித்தளை எடை 150, 200 கிராம் போட்டு அதை ஈடுகட்டலாம்.

பெயின்ட்

சன்போர்டின் வெட்டு விளிம்பு பஞ்சுபோல் இருக்கும். மெல்லிய பட்டி தடவி, 220, 400, 600 என்று உப்புத்தாள் மாற்றித் தேய்த்தால் வழவழப்பாகும். ஸ்பிரே பெயின்டின் கரைப்பான் சன்போர்டை இளக்கும், ஆகவே முதல் இரண்டு கோட்டும் தூரத்திலிருந்து தூவியதுபோல் இருக்க வேண்டும். மழைநாளில் அடிக்காதீர்கள். ஈரக்காற்றில் பெயின்ட் வெள்ளை பூத்துவிடும். காய்ந்த காலைப்பொழுது சிறந்தது.

கூரைக்குக் கறுப்பு, கரும்பச்சை, அடர்நீலம் வேண்டாம். சித்திரை வெயிலில் அடர்நிறக் கூரை சூடேறி, சன்போர்டு அலை அலையாக நெளியும். பழைய வீடுகளின் சுண்ணாம்பு வெள்ளையோ சந்தன நிறமோ அடித்தால் தோற்றமும் பொருந்தும், கூரையும் பிழைக்கும். முட்டை வெண்கரு சேர்த்த செட்டிநாட்டுச் சுவரின் பளபளப்பு உள்சுவரில் வேண்டுமென்றால், சந்தன நிறத்தின் மேல் அரைப் பளபளப்பு வார்னிஷ் இரண்டு கோட்டு அடித்து, மறுநாள் மென்துணியால் அழுத்தித் தேயுங்கள்.

ஆத்தங்குடித் தரை

இந்த மாடலில் எல்லோரும் குனிந்து பார்க்கப்போவது தரையைத்தான். 8 அங்குல ஆத்தங்குடிக் கல் 1/10 அளவில் 20 மி.மீ. ஆகும். அறையின் உள்ளளவு 146×200. அகலத்தில் 7 கல், நீளத்தில் 10 கல், மொத்தம் 70. அகலத்தில் மிஞ்சும் 6 மி.மீ.யை இருபுறமும் 3 மி.மீ. கறுப்புப் பட்டையாக விடுங்கள். 70-இல் சுற்றுக்கரைக்கு 30 கல் போகும், அவற்றில் 4 மூலைக்கல். நடுவே 5×8 ஆக 40 பூக்கல்.

பூக்கல், கரைக்கல், மூலைக்கல் என்று மூன்று படம்தான் வரைய வேண்டும், மற்றதெல்லாம் நகல். கரைக்கல்லின் கொடி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். நான்கு பக்கத்துக்கும் அதே கல்லை 90 டிகிரியாகத் திருப்பித் திருப்பி வைத்தால்தான் கொடி அறையைச் சுற்றி வரும். திருப்பாமல் ஒட்டினால் இரண்டு பக்கம் கொடி அறுந்து நிற்கும், இந்த ஊர்க்காரர் யாரும் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள். நிறங்களைத் திரையில் தெரிவதைவிடக் கொஞ்சம் மங்கலாக்குங்கள். காவிச் சிவப்பு, மஞ்சள், இலைப்பச்சை, கறுப்பு. தொலைவில் உள்ள பொருள் மங்கித் தெரிவது கண்ணுக்குப் பழக்கம், சின்ன மாடலில் முழு நிறம் பொம்மைபோல் அடிக்கும்.

மேட் ஃபோட்டோ தாளில் அச்செடுத்து, ஒருநாள் காயவிட்டு, முதலில் ஸ்பிரே வார்னிஷால் பூட்டுங்கள். நேரே பிரஷ்ஷால் தண்ணீர் வார்னிஷ் தடவினால் மை இழுபடும். பிறகு தாளை மெத்தென்ற அட்டைமேல் வைத்து, மழுங்கிய ஊசியால் 20 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்தி இழுங்கள். தாள் கிழியக் கூடாது, பள்ளம் மட்டும் விழ வேண்டும். அந்தப் பள்ளத்தில் சாம்பல் நிறத்தை நீர்க்கவிட்டுத் துடைத்தெடுத்தால் கல்லுக்குக் கல் இணைப்பு தெரியும். கடைசியாக ஒரு கோட்டு அரைப் பளபளப்பு. முழுப் பளபளப்பு வேண்டாம். கண்ணாடிமேல் வார்த்து எடுப்பதால் ஆத்தங்குடிக் கல்லுக்கு வரும் மினுமினுப்பு, கால்பட்டுக் கால்பட்டு மெருகேறியது, கண்ணாடிபோல் முகம் காட்டாது.

திண்ணையும் சமையலறையும்

வாசலுக்கு எதிர்ச் சுவரை ஒட்டி, 60 மி.மீ. அகலம், 40 மி.மீ. உயரம், 200 மி.மீ. நீளத்தில் திண்ணை. பகலில் உட்கார, இரவில் படுக்க. முழு அகலக் கட்டில் போட்டால் அத்தனை பாடுபட்ட தரை மறைந்துவிடும். திண்ணைக்கு அடியில் பேட்டரி போகும், அதனால் மேற்பலகை திறக்கும்படி இருக்கட்டும். எதிர்ப்பக்கம் தண்ணீர் கேன், கேஸ் சிலிண்டர் வைத்துப் பக்கவாட்டுச் சமன் செய்யுங்கள்.

கதவுக்குத் தேக்கு வெனீர் ஒட்டுகிறவர்கள், ரேகை நெருக்கமாகவும் நேராகவும் ஓடும் துண்டாகப் பொறுக்குங்கள். அகல ரேகை சின்னக் கதவில் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். ஜன்னல் திரைக்குக் கண்டாங்கிச் சாயலில் பொடிக்கட்டம் போட்ட மெல்லிய பருத்தித் துணி. அப்படியே தொங்கவிட்டால் அட்டைபோல விறைக்கும். ஃபெவிகால் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து நனைத்து, குண்டூசியால் மடிப்பு வைத்துக் காயவிடுங்கள்.

சமையலறையில் ஒரே ஒரு பாத்திரத்தையாவது பொறுமையாகச் செய்யுங்கள். பணியாரக் கல்லை எடுத்துக்கொள்வோம். 2 மி.மீ. சன்போர்டில் 20 மி.மீ. வட்டம். நடுவில் ஒரு குழி, சுற்றி ஆறு. நடுவிலிருந்து 5.8 மி.மீ. தள்ளி ஆறு புள்ளிகளைக் காம்பஸால் குறித்து, 4 மி.மீ. டிரில் பிட்டை விரலாலேயே திருகி 1 மி.மீ. ஆழம் மட்டும் எடுங்கள். மெஷின் வேண்டாம், ஓட்டை விழுந்துவிடும். விளிம்பை உருட்டி, மேட் கறுப்பு அடித்து, காய்ந்தபின் பென்சில் கரித்தூளை விரலால் தேயுங்கள். வார்ப்பிரும்பு நிறம் அப்படியே வரும். குழிகளுக்குள் மட்டும் ஒரு துளி எண்ணெய்ப் பளபளப்புக்கு வார்னிஷ் தொடுங்கள், பழகிய கல்போல இருக்கும்.

விளக்குகள்

உள்விளக்குக்கு 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் ஒன்று, பாதுகாப்புச் சுற்று உள்ள டிபி4056 சார்ஜர் பலகை ஒன்று. வெதுவெள்ளை எல்.இ.டி. ஒவ்வொன்றுக்கும் 120 ஓம், சிவப்புக்கு 220 ஓம். முழு சார்ஜில், 4.2 வோல்ட்டில், ஒவ்வொன்றும் 10 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. எட்டு வெள்ளை, இரண்டு சிவப்பு என்றாலும் 2000 எம்.ஏ.எச். செல்லில் இருபது மணி நேரம் எரியும். எல்லா எல்.இ.டி.க்கும் பொதுவாக ஒரே ரெசிஸ்டர் போடாதீர்கள், சிவப்பு மட்டும் எரிந்து வெள்ளை மங்கும். பின்விளக்கை வண்டியோடு சேர்ந்து எரியச் செய்தால், இடையில் இழுத்தால் கழன்றுவரும் சின்ன கனெக்டர் கட்டாயம். சால்டர் வைத்து நேரே இணைத்தால், டிரெய்லர் கழலும் நாளில் வண்டியின் வயரையும் பிடுங்கும்.

செல்லின் எடை சுமார் 45 கிராம். அதைத் திண்ணைக்குள் 100 மி.மீ. முன்னே நகர்த்தினால் ஹிட்ச் அழுத்தம் 15 கிராம் கூடும். வெல்க்ரோவில் ஒட்டிவைத்தால் அச்சைத் தொடாமலே சின்னத் திருத்தம் செய்துகொள்ளலாம்.

முதல் ஓட்டம்

பாதைக்குக் கொண்டுபோகுமுன் ஒரு பலகையின் மேல் டிரெய்லரைப் பக்கவாட்டில் நிறுத்தி, ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டே போங்கள். கைபேசியின் கோணமானியில் எந்த டிகிரியில் மேல்சக்கரம் எழுகிறது என்று பாருங்கள். ஸ்பிரிங் சாய்வதால் கணக்கைவிட இரண்டு மூன்று டிகிரி குறையும். 38-க்குக் கீழே எழுந்தால் கூரையில் இருப்பதை இறக்குங்கள், அல்லது திண்ணைக்கு அடியிலும் எதிர்ப்பக்கமும் தரையோடு 50 கிராம் எடை ஒட்டுங்கள்.

மேட்டில் டிரெய்லர் நேராக வருகிறது, சமதரையில் ஆடுகிறது என்றால் ஹிட்ச் அழுத்தம் போதவில்லை, அச்சை ஒரு துளை பின்னே தள்ளுங்கள். ஒரு சக்கரம் மட்டும் சுற்றாமல் இழுபட்டால் காலர் பேரிங்கை நெரிக்கிறது, ஒரு காகிதக் கனம் இடைவெளி விடுங்கள். சின்னக் கல்லில்கூடத் துள்ளினால் ஷேக்கிள் பெயின்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், கழற்றிச் சுரண்டுங்கள். ஓட்டம் முடிந்ததும் செம்மண்ணை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், இடுக்கெல்லாம் சேறாகி ஏறும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டு, பிறகு துடையுங்கள். பேட்டரியை வெயிலில் பூட்டிய காருக்குள் டிரெய்லரோடு விட்டுவைக்க வேண்டாம்.

படம் எடுக்கப் பழைய வீட்டுத் திண்ணையைப்போலப் பின்னணி வேறெங்கும் கிடைக்காது. வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு, கேமராவைத் தரையிலிருந்து 160 மி.மீ. உயரத்தில் பிடியுங்கள். 1/10 உலகத்தில் நிற்கும் மனிதனின் கண் அங்கேதான் இருக்கும். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், உள்விளக்கைப் போட்டுவிட்டுப் பின்கதவைத் தூக்கிவையுங்கள்.